நடு மேசைக் கோப்பை

திருகோணமலை மத்திய வீதியில் பின்னேரம் நாலு மணியளவில் ஒரு மணம் எழும். தேங்காயெண்ணெயில் மீன் ரோல்ஸ் பொரிகிற மணம் அது. மேலே ஒட்டிய பாண் தூள் சிவந்து வரும்போது உள்ளேயிருக்கிற மீனும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து வீதியை நிறைக்கும். ஊரைவிட்டுப் போன திருமலைக்காரருக்கு இந்த மணம் லண்டன் ஹரோவிலோ ரொறன்ரோ ஸ்காபரோவிலோ எதிர்ப்பட்டால், தேத்தண்ணிக்கடை நினைவுக்கு வருமுன்னர் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள்தான் நினைவுக்கு வரும். ரிபன் கேக், பலூன், நெக்டோ சோடா, வரிசையாகப் போட்ட கதிரைகள். அதே ஆட்களின் பிள்ளைகள் இன்று பிறந்தநாளை ஸ்பானிய தப்பாஸ் கடையில் கொண்டாடுகிறார்கள். நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருக்க, நடுவில் பதினைந்து இருபது சின்னக் கோப்பைகள். மூத்தவர்களுக்கு இது பிடிப்பதில்லை. ‘இது என்ன பிறந்தநாள், ஒரு கோப்பைக்குள்ள நாலு பேர் கை வைக்கிறது, வயிறும் நிறையாது’ என்பது அவர்களின் முறைப்பாடு. நினைவு இந்த இடத்தில் அவர்களை ஏமாற்றுகிறது என்பதுதான் என் வாதம். தப்பாஸ் மேசை, ரிபன் கேக் வெட்டிய வீட்டு விழாவைவிடப் பழைய திருகோணமலைக்குக் கிட்ட நிற்கிறது.

முதலில் தேத்தண்ணிக்கடையைப் பார்ப்போம். இலங்கையின் எந்தப் பட்டினத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊரில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. வேலை முடிந்தோ பஸ்ஸுக்குக் காத்தோ நாலு பேர் மேசையில் குந்தினால், யாரும் எதுவும் கேட்குமுன் ஒரு கோப்பை நடுவில் வந்து இறங்கும். அதில் இரண்டு ரோல்ஸ், இரண்டு கட்லட், ஒரு பற்றிஸ், முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி, இரண்டு உளுந்துவடை, ஒரு மாலு பாண், கூடவே செத்தல் மிளகாய் நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம் சம்பல். விரும்பியவர் விரும்பியதை எடுப்பார். ஒருவர் ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து மற்றவருக்குக் கொடுப்பார். எழும்பும்போது பரிமாறுகிறவர் கோப்பையில் எஞ்சியதைப் பார்த்து, போனதைக் கணக்கிட்டு, காசாளரை நோக்கித் தொகையைக் கத்துவார். தின்னாததற்குக் காசில்லை; மிச்சக் கோப்பை அடுத்த மேசைக்குப் போகும். சுகாதாரப் பரிசோதகர்கள் முகம் சுளித்த வழக்கம் இது, கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தருகிறார்கள். ஆனாலும் இந்தத் தீனிகளின் பொதுப்பெயரான ஷோர்ட் ஈட்ஸ் என்பதைக் கேட்டால் ஒரு தனி ஆளுக்கான சாப்பாடு எவர் மனதிலும் தோன்றாது. நடுவில் ஒரு கோப்பை, சுற்றி நாலு பேர் என்றுதான் தோன்றும்.

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில், சான் செபஸ்தியான் பட்டினத்துக் கடைகளில் நடப்பதைக் கேட்டால் திருமலைக்காரர் சிரிப்பார். அங்கே பாண் துண்டுகளின்மேல் மீனோ இறாலோ வைத்து, பல்லுக்குத்தும் குச்சியைக் குத்தி, கடை முகப்பில் அடுக்கியிருப்பார்கள். வந்தவர் தானாக எடுத்துத் தின்பார், முடிவில் கோப்பையில் கிடக்கிற குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். தெற்கே கிரனாடாவில் ஒரு குடிபானம் வாங்கினால் ஒரு சின்னக் கோப்பை தீனி இலவசமாகவே வரும். எடுத்தபிறகு கணக்குப் பார்க்கிற நம்பிக்கை சான் செபஸ்தியானுக்கும் திருமலைக்கும் பொது. தீனியிலும் உறவு தூரமில்லை. அவர்களின் குரோக்கெத்தா, மாவும் பாலும் சேர்ந்த கூழில் மீனோ இறைச்சியோ கலந்து, பாண் தூளில் உருட்டிப் பொரித்தது. எங்கள் கட்லட்டில் கூழுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு, மென்சுவைக்குப் பதிலாக மிளகும் பச்சைமிளகாயும். அவர்கள் வளையம் வளையமாகப் பொரிக்கிற கணவாய், கொட்டியாரக் குடாவைத் தாண்டி எந்தக் கரையிலும் வலையில் ஏறுகிற அதே கணவாய். உள்ளியும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் கொதிக்க இறாலைப் போட்டு மண்சட்டியோடு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். நாங்கள் அதைச் சட்டியிலிருந்து கோப்பைக்கு மாற்றித் தருவோம், சூடு போய்விடும். அந்த ஒரு விடயத்தில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்.

பிறந்தநாளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேக் வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஒரு பிறப்பு எப்படிக் கொண்டாடப்பட்டது என்பதில்தான் தொடர்பு இருக்கிறது. சைவ வீடுகளில் திகதிக்கு மதிப்பில்லை, நட்சத்திரத்துக்கே மதிப்பு. பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் பத்திரகாளி அம்மன் கோயிலிலோ கோணேசரிடமோ ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம் அல்லது சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான். பிள்ளைக்கு நடந்த பெரிய சாப்பாட்டு விழா பல்லுக்கொழுக்கட்டை. முதற்பல் முளைத்ததும் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். பிள்ளை முன்னால் ஏடு, பேனை, நகை, நெல் என்று பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு அந்தக் கொழுக்கட்டை கிண்ணம் கிண்ணமாக அயல் வீடுகளுக்குப் போகும். இந்த வேலி தாண்டுகிற கிண்ணம்தான் இந்த மாவட்டத்தின் உண்மையான விருந்து முறை. சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் முஸ்லிம் வீடுகளுக்குப் போகும், பெருநாளுக்கு வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும், நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், நத்தாருக்குக் கேக். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கவேண்டும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அங்கே கல்யாண வீட்டில் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் கறிகளும், அதைச் சுற்றி ஐந்தாறு பேர் நிலத்தில் இருந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுவது. கடைசித் துண்டு இறைச்சியை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது அந்த வட்டத்தின் நாகரிகம்.

இவற்றோடு ஒப்பிட்டால் ரிபன் கேக் விழா வேறு வீட்டுப் பிள்ளை. கேக்கும் மெழுகுதிரியும் ஆங்கிலேயரோடும், பறங்கியர் குடும்பங்களோடும், மிஷன் பள்ளிக்கூடங்களோடும் வந்தவை. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் கைமாறும்வரை இந்தத் துறைமுகத்தில் இருந்தது, அதன் பழக்கவழக்கம் ஊருக்குள் கசியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். வந்ததில் குற்றமில்லை. ஆனால் அந்த விழாவில் சாப்பாடு எப்படிப் பரிமாறப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கிய கேக்கிலிருந்து விரல் மொத்தத்தில் ஒரு துண்டு, ஒரு ரோல்ஸ், ஒரு பற்றிஸ், ஒரு கதலிப்பழம், இரண்டு பிஸ்கட். எல்லாம் ஒரு சின்னக் கோப்பையில் முன்கூட்டியே எண்ணி வைக்கப்பட்டிருக்கும். சுவரோரம் வரிசையாக இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொன்று நீட்டப்படும். வாங்கியவர் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பகிர எதுவுமில்லாமல், தன் பங்கைத் தின்பார். இன்னொன்று கேட்க முடியாது, ஒன்றை விட்டால் வீண். இதைத்தான் ‘எங்கட முறை’ என்று மூத்தவர்கள் காக்கப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறை வயதுள்ள ஒரு முறை அது. பள்ளிக்கூடத்தில் பால் விசுக்கோத்து பகிர்ந்தளித்த முறைக்குச் சொந்தம்.

இந்த முறை இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஒரு காரணம் சாப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. போர் மூண்ட 1983க்குப் பிறகு இந்தப் பட்டினத்தில் மாலை என்பதே மெல்ல மெல்ல இல்லாமற்போனது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை. பொழுதுபட முன் வீடு திரும்பவேண்டும் என்பதால் பிறந்தநாள் பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கி ஐந்துக்குள் முடிந்தது. கேக் வெட்டு, கோப்பையைக் கொடு, படம் எடு, அனுப்பு. கிண்ணியாவிலிருந்து வருகிறவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பாதைப் படகின் ஓட்டம் நிற்குமுன் துறைக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தப் பாதைக்குப் பதிலாக 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது 2009இல்தான். இளம் பிள்ளைகள் கூட்டமாகக் கடற்கரையில் நிற்பது என்ன விலை கேட்கும் என்பதை 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர் கண்டது. காந்தி சிலைக்குப் பக்கத்தில், மாலை வேளையில், கூடியிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் விழா வீட்டுச் சுவர்களுக்குள் ஒடுங்கியதும், எண்ணி வைத்த கோப்பையாகச் சுருங்கியதும் நியாயம். அந்த ஒடுக்கத்தையே பண்பாடு என்று பெயரிட்டு அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதுதான் நியாயமில்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் பலமானது எச்சில். சைவ வீட்டில் ஒருவர் கோப்பையில் இன்னொருவர் கை வைப்பதில்லை; வாழையிலை ஆளுக்கொன்று. உண்மை. ஆனால் தப்பாஸ் மேசையில் நடுவிலிருந்து கரண்டியால் எடுத்துத் தன் கோப்பையில் போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். இலை தனி, குழம்பு வாளி பொது என்கிற பந்தி முறையிலிருந்து அது அதிகம் விலகவில்லை. எச்சில் என்ற பேச்சுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாரோடு இருந்து சாப்பிடலாம், யாருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி என்று பிரித்த சாதி. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் நுழைந்து மற்றவர்களோடு ஒரே பாத்திரத்தில் குடிப்பதற்காக 1966இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது; சிலர் உயிரையும் கொடுத்தார்கள். திருகோணமலை சாதியே அறியாத ஊர் என்று நான் சொல்லவரவில்லை. பல ஊரார் வேலைக்கு வந்து கலந்த துறைமுகத்தில், முன்பின் தெரியாத நாலு பேருக்கு நடுவில் இறங்கிய ஒரே ஷோர்ட் ஈட்ஸ் கோப்பைக்கு, அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால், வெறும் தீனியைவிடக் கூடிய பெறுமதி உண்டு. நடுவில் வைத்த கோப்பையைக் கண்டு கூசுகிறவர்கள் எதைக் கண்டு கூசுகிறோம் என்று ஒருதரம் கேட்டுப்பார்க்கலாம்.

அடுத்தது அம்மாவின் கை. கடையில் வாங்குவது வீட்டில் செய்வதற்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு, நாக்கைப் பொறுத்தவரை, ஈடாகாது என்பதே பதில். ஆனால் அந்த வீட்டு விழாவில் அம்மா எங்கே இருந்தாள்? பழைய பிறந்தநாள் படங்களைப் பாருங்கள். கேக்குக்குப் பின்னால் பிள்ளை, பக்கத்தில் அப்பா, மாமா, பெரியப்பா, அயல் பிள்ளைகள். அம்மா சில படங்களில் கேக் வெட்டுகிற கணத்தில் மட்டும் நிற்பாள், நெற்றியில் வியர்வை, சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியபடி. காலையிலிருந்து ரோல்ஸுக்குத் தோசை போல மெல்லியதாக மா வார்த்து, மீன் அவித்து முள் எடுத்து, உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி, ஐம்பது அறுபது பொரித்து அடுக்கியவள் அவள். சித்தியும் பெரியம்மாவும் கூட அடுப்படியில்தான். விருந்தாளிகள் போனபிறகு உடைந்த ரோல்ஸும் கேக் ஓரமும் அவர்களுக்கு. தப்பாஸ் கடையில் அதே அம்மா மேசையில் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் சூடாகக் கோப்பை வருகிறது, அவள் அது சரியில்லை உப்புக் காணாது என்று குறை சொல்கிறாள். குறை சொல்கிற உரிமை அவளுக்கு வந்ததே பெரிய விடயம். வீட்டுச் சாப்பாட்டின் இழப்பைப் பேசுகிற ஆண்கள் பெரும்பாலும் அந்த அடுப்பின் சூட்டை அறியாதவர்கள்.

கோயிலை இடித்தவர்களின் சாப்பாடா என்று ஒரு கோபமும் உண்டு, அதை அலட்சியப்படுத்த முடியாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்தார்கள். அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். பின்னாளில் பிரெட்ரிக் கோட்டை ஆனது அதுதான். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் ஸ்பெயினுக்கும் இதில் பங்குண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடி ஸ்பெயின் அரசரின் தலையில்தான் இருந்தது. கோட்டை எழுந்தபோது லிஸ்பனுக்கும் சேர்த்து அரசர் மட்ரிட்டில் இருந்த நாலாம் பிலிப். ஒல்லாந்தர் 1639இல் வந்து பறிக்கும்வரை திருகோணமலை, பெயரளவில் என்றாலும், அந்த அரசருடையது. இந்தக் கணக்கைச் சாப்பாட்டில் தீர்க்கப் புறப்பட்டால் முதலில் இழக்கவேண்டியது மிளகாயை. அது போர்த்துக்கேயரின் கப்பல் வழியே அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன் எங்கள் உறைப்பெல்லாம் மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஐரோப்பியர் கைமாற்றியவை. பாண் அவர்களுடையது. கட்லட்டிலிருந்து இவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு துண்டு மீனும் மிளகும் கறிவேப்பிலையும். பாலையூற்றில் இன்றும் வாழ்கிற பறங்கியர் தங்கள் தாத்தாமாரின் போர்த்துக்கேய மொழியையும் பைலாவையும் எவ்வளவு காலம் காப்பாற்றினார்கள் என்பதும், எத்தனை தச்சரும் கொல்லரும் அவர்களிலிருந்து இந்த ஊருக்குக் கிடைத்தார்கள் என்பதும் தெரிந்தவர்களுக்கு, வரலாறு கோட்டைச் சுவரோடு முடிந்துவிடவில்லை என்று புரியும். பன்றித்தொடையும் வைனும் பற்றிய தயக்கம் நியாயமானது, அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மேசையில் எதை வைப்பது என்பது ஆட்களைப் பொறுத்தது. ஏறத்தாழ 800 ஆண்டுகள் முஸ்லிம் ஆட்சியின் கீழும் அருகிலும் வாழ்ந்த ஸ்பெயினின் சமையலில் பன்றி இல்லாத கோப்பைக்குப் பஞ்சமில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று இருக்கிறது. லண்டன் சோஹோவில் 2015இல் திறந்த ஹொப்பர்ஸ் என்ற கடை அப்பத்தையும் தோசையையும் நகரத்து நாகரிகமாக்கியது. அதன் பட்டியலில் ஷோர்ட் ஈட்ஸ் என்றே ஒரு பகுதி உண்டு, நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட. வெள்ளைக்காரர் அதை ஏதோ தப்பாஸ் போல என்று நண்பருக்கு விளக்கிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்ட ஒற்றுமை எங்கள் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை.

பெரியவர்கள் சரியாகச் சொல்கிற ஓரிடமும் இருக்கிறது, அது பில் வருகிற நேரம். எங்கள் பள்ளிக்கூடங்களில் பிறந்தநாள் பிள்ளை புதுச்சட்டையோடு டொபிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகும், பிறந்தவர்தான் கொடுப்பவர். வளர்ந்தபிறகு அதே முறை சிறுவர் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடாக, கோயிலில் அன்னதானமாக மாறுகிறது. கனடாவிலிருப்பவர் இங்கே காசு அனுப்பி, இங்கே சமைத்துப் பிள்ளைகள் சாப்பிட்ட படத்தை அங்கே பார்த்துக்கொள்கிறார். ஸ்பெயினிலும் வழக்கம் இதுவே, பிறந்தநாள்காரர்தான் நண்பர்களை அழைத்துக் காசு கொடுப்பார். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் தப்பாஸ் மேசையில் பிறந்தநாள்காரர் காசு கொடுக்கக்கூடாது, மற்றவர்கள் பதினொரு பேரும் கைத்தொலைபேசியில் சதம் பிசகாமல் பங்கு பிரிக்கவேண்டும் என்கிறார்களே, அது ஆங்கில நாட்டுப் பழக்கம். கணவாயை நடுவில் வைத்துவிட்டு அதன் விலையைப் பதினொன்றாக வெட்டினால், யார் எத்தனை வளையம் தின்றார் என்று கண் தானாகவே எண்ணத் தொடங்கிவிடும். பில்லைப் பறித்துக்கொண்டு ஓடுகிற பெரியப்பாமாரைப் பார்த்து இளையவர்கள் சிரிக்கிறார்கள். ஸ்பானியப் பரிமாறுகிறவருக்கு அந்தப் பெரியப்பாவைத்தான் விளங்கும்.

எல்லாராலும் அப்படிக் கொடுக்க முடியுமா என்பதும் கேள்விதான். 2022இல் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது; கோதுமை மாவும் எரிவாயுவும் இல்லாமல் பேக்கரிகள் பல பூட்டிக் கிடந்தன, கேக் என்பது கனவுப் பொருளானது. இன்றும் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போய் ஆளுக்கொரு புரியாணி எடுத்துக் கொடுப்பது சம்பளக்காரர் ஒருவருக்கு லேசான காரியமில்லை; ஒருவருக்குக் குறைந்தாலும் குறை தெரியும். ஆறு கோப்பை எடுக்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பொரித்த கணவாய், ஒரு இறால், ஒரு கிழங்கு, ஒரு நண்டு, ஒரு கோப்பை ரொட்டி. எல்லாவற்றையும் மேசை நடுவில் வைத்துவிட்டால், வந்தவர் பன்னிரண்டு பேரா பதின்மூன்று பேரா என்று பிறந்தநாள்காரர் கவலைப்படத் தேவையில்லை.